மார்க்கோ போலோவும் மாபார் நாடும்

மாலை வேளையில் சாந்தோம் கடற்கரைக்கு உலாவச் செல்லும் நம் மாணவர் பலரும், மயிலாப்பூரின் கீழ்ப்பால் ஓங்கி நிற்கும் தேவாலயத்தின் வெண்ணிறக் கோபுரத்தைக் கண்டிருப்பர். இப்பொழுதுள்ள கட்டடம் 1896-ஆம் ஆண்டில் நிறைவெய்தியது. அதற்கு முன் அவ்விடத்தில் இருந்த ஆலயம் பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கேசியர் எழுப்பியது. அப்போர்த்துக்கேசியர் இக்கரையில் கால் வைப்பதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே, இவ்விடத்தையும் இதனைச் சூழ்ந்த தமிழ்நாட்டையும் குறித்து, மேல்நாட்டார் விரும்பிப் படிக்கும் நூலொன்றில் எழுதிவைத்தார் ஒரு வணிகர். அவரே வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ. பள்ளிப் புத்தகங்கள் அவர் பெயரைச் சீன தேசத்தோடு சேர்த்துக் கூறி அமைந்துவிடும். யாம் அவர் நம் நாட்டைப் பற்றிக் கூறியவற்றை நடுவாக வைத்து அவருடைய வாழ்க்கையை ஈண்டு எழுதப் புகுந்தோம்.

மார்க்கோ 1254-ஆம் ஆண்டில் பிறந்தார். அவர் பிறந்தபோது தந்தையாராகிய நிக்கோலோவும், தந்தையின் உடன்பிறந்தாராகிய மஃபெயோவும் கீழ்த்திசை நாடுகளில் வாணிபம் செய்துகொண்டிருந்தனர். 1269-ஆம் ஆண்டில் அவர்கள் ஊர் திரும்பியபொழுது, மார்க்கோவின் அன்னையார் இவ்வுலகில் இல்லை. மகனோ பதினைந்து வயதுப் பிள்ளை. தந்தை முகத்தை அன்றே முதன்முறையாகக் கண்டான் அச்சிறுவன். இரண்டாண்டு கழித்து, 1271-இல், அவனையும் உடன் அழைத்துக்கொண்டு அவ்விருவரும் மீண்டும் புறப்பட்டனர். பாரசீகப் பாலைகளையும் பாமீர் மலைகளையும் கடந்து, 1275-ஆம் ஆண்டில், மொகலாயப் பேரரசராகிய குப்ளாய் கானின் வேனிற்கால அரண்மனையை அடைந்தனர். மொகலாயர் என்றது ஈண்டு மங்கோலியரை; பாபரின் வழியினரை அன்று. அவ்வரசரின் பணியில் மார்க்கோ பதினேழு ஆண்டு கழித்தார். அரசாங்கக் காரியமாக வெளியூர் சென்று வருவோர், போன காரியத்தை மட்டும் கூறி நின்றுவிடுதல் கானுக்குச் சலிப்பைத் தந்ததாம். அவ்வவ்வூர் மக்கள் எதை உண்கின்றனர், எவ்வாறு மணம் புரிகின்றனர், எதற்கு அஞ்சுகின்றனர் என்பனவற்றையே அவர் கேட்க விரும்பினார். இதனை உணர்ந்த இளைஞர் மார்க்கோ, செல்லும் இடமெல்லாம் இவற்றைக் கருத்தாகக் கண்டு வந்து கூறும் வழக்கத்தை மேற்கொண்டார். அவ்வழக்கத்தால் பயன் பெற்றவர் கானைக் காட்டிலும் நாமே.

அவர் சீனத்தை விட்டுப் புறப்பட்ட துறைமுகம் சைத்தூன், இக்காலத்துச் சுவான்சௌ. அந்நகரில் தமிழ் வணிகர் சிவன் கோயில் ஒன்று எடுத்திருந்தனர் என்பதும், 1281-ஆம் ஆண்டில் பொறித்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று அங்குக் கிடைத்துள்ளது என்பதும் நம்மவர் பலர் அறியாதவை. குப்ளாய் கானின் நலம் கருதித் திருமேனி எழுந்தருளச் செய்தவர் பெயர் சம்பந்தப் பெருமாள் என அக்கல் கூறும். மயிலாப்பூரில் பூம்பாவையைக் குறித்துப் பதிகம் பாடிய சம்பந்தரின் திருப்பெயர், அறுநூறு ஆண்டுகளுக்குப் பின் சீனத்துத் துறையில் ஒரு வணிகர்க்கு வழங்கிற்று. எனவே மார்க்கோ நம் கடலை அடைவதற்கு முன்பே தமிழரைக் கண்டிருத்தல் கூடும்.

பாரசீகத்தை ஆண்ட அர்கூன் என்னும் மங்கோலிய மன்னர்க்கு மணமகளாகக் கோகச்சின் என்னும் இளவரசியைக் கப்பல் வழியே அனுப்பக் கான் உறுதி செய்தார். அவளுக்குத் துணையாகச் செல்லும் பொறுப்பு போலோ குடும்பத்தார்க்குக் கிடைத்தது. பதினான்கு கப்பல்கள், மாலுமிகளை ஒழித்து அறுநூறு பேர். பருவக் காற்றுக்காகச் சுமத்திராத் தீவில் ஐந்து மாதம் காத்திருந்தனர். பின்னர் ஈழத்தையும் தமிழகக் கரையையும் மலையாளக் கரையையும் சார்ந்து மேற்கே சென்றனர். 1293-ஆம் ஆண்டளவில் பாரசீகத்தை எட்டியபோது, அறுநூறு பேரில் உயிரோடிருந்தோர் மிகச் சிலரே. அர்கூனும் முன்னரே மாண்டிருந்தார். இளவரசி அவர் மகனை மணந்தாள்.

இக்கடற்பயணத்தில் அவர் கண்டதும் கேட்டதுமாகிய செய்திகளே மாபார் நாட்டைப் பற்றிய அதிகாரங்களாக அவர் நூலில் அமைந்துள்ளன. மாபார் என்பது அராபியர் சோழமண்டலக் கரைக்கு வழங்கிய பெயர். சோழர் ஆட்சி 1279-ஆம் ஆண்டோடு முடிந்து, பாண்டியர் கை ஓங்கியிருந்த காலம் அது. மாறவர்மன் குலசேகர பாண்டியன் முதல்வனாக இருக்க, அவன் குலத்தார் பலர் ஒருங்கே முடிசூடி ஆண்டனர். மார்க்கோ இவர்களை உடன்பிறந்த ஐவர் என்கிறார். சுந்தர பாண்டிய தேவர் என்னும் பெயரையும் ஒருவாறு திரித்தேனும் எழுதுகிறார். ஐவருள் பகை மூளும்போதெல்லாம் அவர்தம் முதிய தாய் குறுக்கே புகுந்து, உங்களுக்குப் பாலூட்டிய மார்பை அறுத்தெறிவேன் எனக் கூறித் தடுப்பாளாம். அவள் மறைந்தால் இவர்கள் ஒருவரையொருவர் அழித்துக்கொள்வர் என்பது மார்க்கோவின் கணிப்பு. அடுத்த தலைமுறையில் அது பலித்தது. 1310-ஆம் ஆண்டையொட்டிச் சுந்தர பாண்டியனும் வீர பாண்டியனும் பொருத, 1311-இல் மாலிக் காபூரின் படை மதுரைக்குள் புகுந்தது.

அரசர் கதை நிற்க. நம் முன்னோரின் அன்றாட வாழ்க்கையை அறிய விரும்புவோர் முதலில் நாடுவன கல்வெட்டுகளே. இராசராசன் தஞ்சையில் நானூறு தளிச்சேரிப் பெண்டிரைக் குடியேற்றியதையும், அவர்கள் பெயரையும், அவர்கட்குரிய நெல்லின் அளவையும் கல் நமக்குக் கூறும். நிலம், நெல், நெய், விளக்கு, வரி ஆகியவற்றில் கல்வெட்டு கணக்குப்பிள்ளையினும் கண்டிப்பானது. ஆனால் ஒரு மனிதன் தாகமெடுத்தபோது எவ்வாறு நீர் பருகினான் என்பதைக் கல்லில் வெட்டிவைக்க எவனுக்குத் தோன்றும்? நாள்தோறும் செய்வதை நாம் எழுதுவதில்லை. அயலான் ஒருவன் வந்து வியப்போடு நோக்கினால்தான் அது செய்தியாகும்.

மார்க்கோ நோக்கினார். இந்நாட்டார் நாளொன்றுக்கு இருமுறை நீராடுவர்; நீராடாதவரை இழிவாக எண்ணுவர். உணவுக்கு வலக்கையையே பயன்படுத்துவர். இடக்கையை வேறு தூய்மைப் பணிகளுக்கு ஒதுக்குவர். ஒவ்வொருவரும் தத்தம் பாத்திரத்திலேயே நீர் பருகுவர். பருகும்போதும் உதடு படாமல் மேலே தூக்கி வாயில் ஊற்றிக்கொள்வர். வேற்றார்க்கு நீர் தரும்போது அவர் கையில் ஊற்றுவர். எச்சில் என்னும் சொல்லை மார்க்கோ அறிந்திலர்; அதன் பொருளையோ முற்றும் கண்டுகொண்டார். செம்பை உதட்டில் வைத்த குற்றத்துக்காக எம் பாட்டியாரிடம் யாம் பெற்ற அடிகளை இப்பகுதியைப் படிக்கும்தோறும் நினைந்துகொள்கிறோம்.

வீடுகளை மாட்டுச் சாணத்தால் மெழுகுவர் என்பதும், அரசர் முதல் எளியோர் வரை தரையிலேயே அமர்வர் என்பதும் அவருக்குப் புதுமை. ஏன் தரையில் அமர்கின்றீர் என வினவியதற்கு, மண்ணிலிருந்து வந்தோம், மண்ணுக்கே திரும்புவோம், ஆதலின் மண்ணை எவ்வளவு மதிப்பினும் தகும் என அவர்கள் விடை கூறினராம். உறங்குதற்குப் பிரம்பாலான இலேசான கட்டில்களைச் செய்து, படுத்தபின் கயிற்றால் மேலே இழுத்துக் கட்டிக்கொள்வர் என்றும், பூச்சிகள் கடியாமலும் காற்று வரவும் அவ்வாறு செய்தனர் என்றும் அவர் கூறுவது, சென்னைக் கொசுவோடு போர் செய்யும் நம் விடுதி மாணவர்க்குப் பயன்படக்கூடும். தெற்கே காயலில் மக்கள் எந்நேரமும் வெற்றிலை மென்றிருத்தலைக் கண்டு, தாம்பூலம் என்னும் பெயரையும் ஏறக்குறைய அப்படியே எழுதியுள்ளார். வாரத்தின் ஒவ்வொரு நாளிலும் காரியம் தொடங்கலாகாத நேரம் ஒன்று உண்டென்றும், அது நாளுக்கு நாள் மாறுமென்றும், அதற்கெனத் தனிப் பெயரும் உண்டென்றும் உரைக்கிறார். அவர் எழுதிய பெயர் சிதைந்து கிடப்பினும், தியாஜ்யம் என்பதே அது என அறிஞர் கொள்வர். மயிலாப்பூர் மாடவீதிக் கடைகளில் தொங்கும் நாட்காட்டியில் இன்றும் அந்நேரத்தைக் காணலாம். பல்லி வரும் திசை பார்த்து வாணிபம் முடிப்போரையும், தும்மல் கேட்டு நடையை நிறுத்துவோரையும் வேறொரு நாட்டதிகாரத்தில் அவர் கூறினும், படிக்கும் தமிழர்க்கு அவர்கள் அயலாராகத் தோன்றார்.

யாம் பெரிதும் மதிப்பது கடன் பற்றி அவர் கூறும் செய்தி. கடன்பட்டவன் நாள் கடத்தினால், கடன் கொடுத்தவன் அவனை வழியில் கண்டு, அவனைச் சுற்றித் தரையில் ஒரு வட்டம் கீறுவான். கடனைத் தீர்த்தோ, தக்க பிணை தந்தோ அல்லாமல் அவன் அவ்வட்டத்தைத் தாண்டலாகாது. தாண்டினால் மரண தண்டனை. இம்முறை அரசனையும் கட்டுப்படுத்தியதாம். அயல்நாட்டு வணிகன் ஒருவனுக்கு அரசன் பணம் தரவேண்டியிருந்தது. பலமுறை கேட்டும் கிடைக்கவில்லை. ஒருநாள் அரசன் குதிரைமேல் செல்லும்போது, அவ்வணிகன் குதிரையோடு சேர்த்து வட்டம் கீறிவிட்டான். அரசன் கடிவாளத்தை இழுத்து நிறுத்தி, வணிகனுக்குச் சேரவேண்டியது சேரும் வரை அவ்விடத்தை விட்டு அசையவில்லை. இதனைத் தாமே கண்டதாக மார்க்கோ கூறுகிறார். வாளும் காவலும் இல்லாத ஒரு வேற்று நாட்டான் கோல்நுனியால் கீறிய கோட்டுக்குப் பாண்டியன் கட்டுப்பட்டான் என்பது, எந்த மெய்க்கீர்த்தியிலும் காணக்கிடைக்காத பெருமை. கள் குடிப்பவனையும் கடலில் செல்பவனையும் சாட்சியாக ஏற்பதில்லை என்றும் அவர் கூறுகிறார். கடலோடியாகிய அவர் இதனை எழுதுங்கால் புன்முறுவல் கொண்டிருப்பார் போலும்.

நம் மாணவர்க்கென ஒரு செய்தி. பதின்மூன்று வயது நிரம்பிய சிறுவரை வீட்டில் வைத்து உணவிடுவதில்லையாம். இருபது அல்லது இருபத்துநான்கு சிறு காசுகளைக் கையில் கொடுத்து, இனி உழைத்து உண் என விடுத்துவிடுவர். அச்சிறுவர் நாள் முழுதும் ஓடியாடி, ஒரு பொருளை இங்கு வாங்கி அங்கு விற்பர். முத்துக்குளிக்கும் காலத்தில் கரைக்கு ஓடி, குளிப்போரிடம் ஐந்தாறு முத்துகளை வாங்கி, வெயிலுக்கு அஞ்சி வீட்டினுள் அமர்ந்திருக்கும் பெருவணிகரிடம் சிறு ஆதாயத்துக்கு விற்பர். வந்த ஆதாயத்தில் உணவுப் பொருள் வாங்கித் தாயிடம் கொடுப்பர். தாய் சமைத்துத் தருவாள். முத்துக்குளிப்பில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு. சுறாமீனை மந்திரத்தால் கட்டும் அந்தணர்க்கு இருபதில் ஒரு பங்கு. மூச்சடக்கி மூழ்குவோர்க்கு எவ்வளவு என்பதை அவர் கூறவில்லை.

குதிரை வாணிபத்தைப் பற்றி அவர் கூறுவது இரங்கத்தக்கது. ஓர்முஸ், ஏடன் முதலிய துறைகளிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகளை இம்மன்னர் வாங்கினர்; ஆண்டு முடிவில் நூறும் எஞ்சுவதில்லை. பேணும் முறை அறியாமையே காரணம் என்றும், அம்முறை இந்நாட்டார்க்குத் தெரிந்துவிடாதபடி அயல் வணிகர் இலாட வைத்தியரை இங்கு வரவிடுவதில்லை என்றும் அவர் எழுதுகிறார். பாண்டியன் பெரும்பொருள் கொடுத்துக் குதிரை வாங்க அமைச்சரை அனுப்பிய திருவாதவூரர் வரலாறும், சோழர் கல்வெட்டுகளில் வரும் குதிரைச் செட்டிகளும் நினைவுக்கு வருகின்றன. நாட்டின் முத்தும் பொன்னும் இவ்வாறு லாயத்தில் மாண்டன.

மார்க்கோ கூறுவனவெல்லாம் சரியென யாம் வாதிக்க வரவில்லை. மாபார் முழுவதும் தையற்காரனே இல்லை, அரசன் முதல் யாவரும் ஆடையின்றித் திரிவர் என்கிறார். வேட்டியும் உத்தரீயமும் தைக்காத ஆடை என்பது அவர் கண்ணுக்கு ஆடையின்மையாகவே பட்டது. சிலப்பதிகாரமோ அதற்குப் பன்னூறு ஆண்டு முன்பே துன்னகாரரைக் குறிப்பிடுகிறது. வானளாவிய கோபுரங்களைப் பற்றியோ புலவரைப் பற்றியோ அவர் நூலில் ஒரு சொல்லும் இல்லை. கோயிலில் ஆடும் மகளிரைப் பற்றி மட்டும் எழுதுகிறார்: இறைவனும் இறைவியும் ஊடல் கொண்டிருப்பதாகவும், அதனைத் தணிக்கவே அம்மகளிர் பாடி ஆடுவதாகவும் கோயிலார் அவர்க்குக் கூறினர். ஏரைப் பிடித்தவனை அவர் நோக்கவே இல்லை. வணிகர் கண் சந்தையளவே செல்லும்.

அவர் கூறியவற்றுள் நாம் நாணவேண்டியனவும் உள. இறந்த கணவனோடு மனைவி தீப்புகுதலையும், தண்டனை பெற்றவன் தெய்வத்துக்கென்று கூறிக் கத்திகளால் தன்னுடலைத் தானே அரிந்துகொள்ளுதலையும் அவர் விரித்துரைக்கிறார். பின்னதை நவகண்டம் என்பர். அதனைக் காட்டும் பழஞ்சிற்பங்கள் நம் நாட்டில் பல. இறந்த மாட்டின் இறைச்சியை உண்டு வாழ்ந்த ஓரினத்தாரைக் கோவி என்னும் பெயரால் சுட்டி, அவர்களுள் எவனும் தோமையரின் சமாதி உள்ள இடத்தில் நுழைய இயலாதென்றும், பத்திருபது பேர் பிடித்துத் தள்ளினும் உள்ளே நிறுத்த முடியாதென்றும் எழுதுகிறார். இதனை அவர் திருத்தொண்டரின் அற்புதமாகக் கொண்டார். தள்ளியது அற்புதமா, ஊரார் வகுத்த எல்லையா என்பது நமக்குத் தெரியும். எழுநூறு ஆண்டுகட்கு முன் மயிலாப்பூர் மணலில் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட அம்மக்களைப் பற்றி, அவரையன்றி வேறெவரும் ஒரு வரி எழுதினரா?

சமாதி உள்ள ஊரின் பெயரை மார்க்கோ தரவில்லை. மக்கள் குறைந்த சிற்றூர், வாணிபப் பொருள் இன்மையால் வணிகர் செல்வதில்லை, எளிதில் சென்றடையும் இடமும் அன்று என்பவை அவர் சொற்கள். சம்பந்தர் காலத்தில் மாதந்தோறும் விழாக் கொண்டாடிய மயிலாப்பூரா இது என நாம் வியப்போம். கொள்முதல் நோக்கும் வணிகர்க்கு விழாக்கள் தோன்றவில்லை. ஆயினும் கிறிஸ்தவரும் முகம்மதியரும் திரளாக அங்கு யாத்திரை வந்தனர் என்றும், இரு சாராரும் தோமையரைப் பெரியாராகப் போற்றினர் என்றும் அவர் கூறுவது மறக்கத்தக்கதன்று. அவ்விடத்துச் செம்மண்ணை எடுத்துச் சென்று, முறைக் காய்ச்சல் கண்டோர்க்கு நீரில் கலந்து கொடுப்பராம். தோமையர் தம் குடிலுக்கு வெளியே காட்டில் வழிபாடு செய்துகொண்டிருந்தார். சுற்றிலும் மயில்கள் மேய்ந்தன. ஒருவன் மயிலுக்கு எய்த அம்பு தவறி அவர்மேல் பட்டது. இதுவே அவர் மரணத்தைப் பற்றி மார்க்கோ கேட்டறிந்த வரலாறு. ஊர்ப்பெயரை எழுத மறந்தவர், அவ்வூருக்குப் பெயர் தந்த மயிலை மறவாமல் எழுதினார்.

1295-ஆம் ஆண்டில் போலோ குடும்பத்தார் மூவரும் வெனிஸ் திரும்பினர். சில ஆண்டுகளில் அந்நகர்க்கும் ஜெனோவா நகர்க்கும் நடந்த போரில் மார்க்கோ சிறைப்பட்டார். 1298-இல் அச்சிறையில் உடனிருந்தவர் பீசா நகரத்து ருஸ்திக்கெல்லோ. வீரக்கதைகள் எழுதுவதில் பெயர் பெற்றவர். ஒருவர் கூற மற்றவர் எழுதினார். அச்சிறைவாசம் நேராதிருப்பின் வட்டத்துள் நின்ற அரசனும், முத்து விற்ற சிறுவனும் நமக்குக் கிடைத்திரார். நூலை எல்லாரும் படித்தனர்; சிலரே நம்பினர். பொய்களையேனும் திருத்திவிடும்படி இறக்கும் தறுவாயில் நண்பர் வேண்ட, கண்டவற்றில் பாதியைக்கூடக் கூறவில்லை என அவர் மறுமொழி தந்ததாக ஒரு செய்தி உண்டு.

அவர் சீனத்துக்குச் சென்றதே இல்லை என நம் காலத்திலும் நூல் எழுதினோர் உளர். ஆயின் இளவரசியை அழைத்துச் சென்ற தூதர் மூவர் பெயரை மார்க்கோ கூறியவாறே கூறும் சீன அரசாங்க ஆவணம் ஒன்று இருபதாம் நூற்றாண்டில் வெளிப்பட்டது. தமிழ்நாட்டைப் பொறுத்தவரை, அவர் கூறிய காயல் துறையைத் தாமிரபரணியின் முகத்தருகே கால்டுவெல் ஐயர் தேடிக் கண்டபோது, சீனப் பீங்கான் துண்டுகள் மண்ணில் கிடந்தன. இவற்றினும் பெரிய சாட்சி நம் இல்லங்களிலேயே உள்ளது. அண்ணாந்து நீர் பருகுவோரைக் காணாத ஒருவன், சிறைச்சுவரைப் பார்த்து அதனைக் கற்பனை செய்ய இயலாது.

விடுதலைக்குப் பின் மார்க்கோ மணம் புரிந்து மூன்று பெண்மக்களைப் பெற்றார்; மீண்டும் நெடும்பயணம் மேற்கொள்ளவில்லை. மாபார் நாட்டுச் செம்மண்ணை வெனிசுக்குக் கொண்டுவந்து, காய்ச்சல் கண்டோர் பலரை அதனால் குணப்படுத்தினார் என அவர் நூலின் பழம் பிரதி ஒன்று கூறுகிறது. 1324-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், நோயுற்ற நிலையில், மரண சாசனம் எழுதுவித்தார். தம்மிடம் அடிமையாக இருந்த தாத்தாரியர் பீட்டர் என்பவர்க்கு அதில் விடுதலை வழங்கினார். விரைவில் உயிர் துறந்தார். அவரைச் சான் லொரென்சோ ஆலயத்தில் அடக்கம் செய்தனர். பிற்காலத்தில் அவ்வாலயத்தை இடித்துக் கட்டியபோது சமாதி மறைந்துபோயிற்று.